டைனமோ போச்சு என்றால் முதலில் மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து மறையூர், மூணாறு பக்கம் லோடு அடிக்கும் டீசல் பிக்கப் என்னுடையது. ஓட்டுவதும் நானே. கொஞ்ச நாளாக டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு லேசாக மினுக்கியது. ஹெட்லைட்டோடு வைப்பரும் ஓடினால் வெளிச்சம் மங்கும். ஒரு நாள் விடியற்காலை லோடோடு நின்றபோது செல்ஃப் எடுக்கவே இல்லை. தள்ளி ஸ்டார்ட் செய்து, பைபாஸ் ஓரத்தில் இருந்த ஒரு வொர்க்‌ஷாப்பில் விட்டேன்.

அங்கே வோல்ட் அளக்கும் மீட்டரை யாரும் தொடவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றினார்கள். வண்டி திணறி நின்றது. "டைனமோ காலிண்ணே, பேட்டரியும் போச்சு" என்று அதை வைத்தே தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். டைனமோ என்று நாங்கள் சொல்வது, எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை. இந்தச் சோதனையை உங்கள் வண்டியில் செய்ய விடவே விடாதீர்கள். ஓடும் வண்டியில் பேட்டரி இணைப்பு விட்டுப்போனால் வோல்டேஜ் சட்டென்று எகிறும். டைனமோவுக்குள் இருக்கும் டயோடும், எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மும் எரிந்துபோகலாம். ஈசிஎம் போனால் எவ்வளவு செலவு என்று வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

புது டைனமோ, புது பேட்டரி என்று 16,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கழற்றிய பழைய இரண்டையும் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள். அந்த மாதமே அதே விளக்கு மறுபடி மினுக்கியது.

அப்புறம் பழனியில் வயரிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். எஞ்சினை ஓடவிட்டு, லைட்டெல்லாம் போடச் சொல்லிவிட்டு மீட்டரை எடுத்தார். டைனமோவில் 14.3 வோல்ட் இருந்தது. பேட்டரியில் 12.9தான். "சார்ஜ் உற்பத்தியாகுது தம்பி, வந்து சேரல" என்றார். டைனமோவில் சார்ஜ் வெளியே வரும் பி முனைக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் இடையில் 0.1 வோல்ட்தான் காட்டியது. டைனமோ பாடிக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையிலோ 1.3. அந்த வழியில்தான் வோல்ட் வீணாகிறது என்று அர்த்தம். கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழியான, எஞ்சினிலிருந்து சேஸுக்கு வரும் எர்த் கேபிளைக் கழற்றினார். மேலே பார்த்தால் நல்ல கேபிள். போல்ட்டில் மாட்டும் முனையை (லக்) ஒட்டிய உறையைக் கீறியதும் பச்சைப் பொடி கொட்டியது. நாலைந்து இழை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்ஃப் எடுக்காததற்கும் இதுவே காரணம். புது கேபிள், போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டியது எல்லாம் சேர்த்து 450 ரூபாய். உடனே பேட்டரியில் 14.1 வந்தது.

அந்தப் 'புது' டைனமோவையும் அவர் நகத்தால் கீறிக் காட்டினார். வெள்ளி பெயின்ட்டுக்கு அடியில் பழைய கிரீஸ் அழுக்கு. போல்ட் தலை மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பின்பக்கம் ஆயில் கசிவு வேறு. பல டீசல் பிக்கப்களைப் போல என் வண்டியிலும் பிரேக்குக்கான வேக்யூம் பம்ப் டைனமோவின் முதுகில்தான் இருக்கிறது. பம்ப் செத்தால் பெடல் கல்லாகிவிடும். மூணாறு இறக்கத்தில் லோடோடு அப்படி ஆகியிருந்தால்? அவர்கள் என்னிடம் பணத்தை மட்டும் பிடுங்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

சில நூறு ரூபாய்க்கு மீட்டர் கிடைக்கிறது. நல்ல பேட்டரி, வண்டி நின்று சில மணி நேரம் கழித்து 12.6 வோல்ட் பக்கம் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் முதலில் பெல்ட், டெர்மினல், எர்த் பார்க்கச் சொல்லுங்கள். டைனமோவைக் கழற்றுவது அதற்கப்புறம்தான்.

திரும்பப் போய்க் கேட்டதற்கு, சரக்கு வண்டிக்கெல்லாம் நுகர்வோர் சட்டம் கிடையாது என்று விரட்டினார்கள். அது பொய். தானே தொழில் செய்து பிழைக்கும் ஒருவர் அதற்காகவே வாங்கியதாக இருந்தால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி அவரும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் செய்து ஆலோசனை கேட்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எனக்கு அவர்கள் தந்தது வெறும் துண்டுச்சீட்டு. அதையும், பணம் அனுப்பிய போன் ரசீதையும், பெரியவர் எழுதிக்கொடுத்த அளவுகளையும் சேர்த்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.