துவரம்பருப்பின் எண் வரமிளகாயில் வந்து நின்றது

விருதுநகரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் என் பெரியப்பாவுக்காக ஓர் ஆர்டர் செயலி எழுதினேன். லைனுக்குப் போகும் ஆறு பேர் கடை கடையாக ஏறி அதில்தான் ஆர்டர் எடுக்கிறார்கள். மொத்தம் 4,200 சரக்குகள். ஒவ்வொரு வரிசையிலும் சரக்கின் பெயர், விலை, எத்தனை மூட்டை என்று எழுத ஒரு பெட்டி. இந்தப் பட்டியலைத் திரையில் காட்டுவதற்கென்றே காசு கொடுத்து ஒரு பட்டியல் காம்போனென்ட் (செயலிக்குள் அப்படியே பொருத்திக்கொள்ளும் ஆயத்த நிரல்) வாங்கினேன். அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. குறைகள் சரியாக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். எட்டு மாதம் அதனோடு பழகிவிட்டேன்.

வேகத்தில் குறையே இல்லை. எங்கள் ஆட்கள் வைத்திருப்பவை 2 ஜிபி ராம் கொண்ட பழைய போன்கள். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒரு முறைக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிவினாடி. அதற்குள் அடுத்த வரிசையை வரைந்து முடிக்காவிட்டால் பட்டியல் திக்கும். இந்தக் காம்போனென்ட் திக்கவே இல்லை. 4,200 வரிசைகளையும் அது உருவாக்குவதில்லை. என் போனில் பதின்மூன்றே வரிசைகளை வைத்துக்கொண்டு சுற்றுகிறது. மேலே மறையும் வரிசையை எடுத்து, பெயரையும் விலையையும் மாற்றி, கீழே கொண்டுவந்து ஒட்டுகிறது. இது புதிய உத்தி அல்ல. ஆண்ட்ராய்டில் 2014இல் வந்த ரீசைக்ளர்வியூ என்ற பட்டியல் கருவி, ‘ரீசைக்கிள்’ (மறுசுழற்சி) என்று தன் பெயரிலேயே இதைச் சொல்கிறது.

கோளாறும் அங்கேதான் பிறக்கிறது. வரிசையை மறுபடி பயன்படுத்தும்போது பெயரும் விலையும் மாறுகின்றன. பெட்டிக்குள் விரலால் எழுதிய எண் மட்டும் மாறுவதில்லை. சிவகாசி லைன் பார்க்கும் அண்ணன் துவரம்பருப்புக்கு 5 என்று எழுதிவிட்டுக் கீழே இழுத்திருக்கிறார். அதே 5 வரமிளகாயிலும் நின்றிருக்கிறது. கடையில் கூட்டம், அவர் கவனிக்காமல் அனுப்பிவிட்டார். மறுநாள் ஐந்து மூட்டை மிளகாய் போய் இறங்கியது. “நோட்டில் எழுதிய காலத்தில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லையே அம்மா” என்றார் பெரியப்பா. அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

தவறு என்னுடையதோ என்றுதான் முதலில் தேடினேன். வேறு எதுவும் இல்லாத புதுச் செயலி ஒன்றில் நூறு வரிசைகளை மட்டும் போட்டுப் பார்த்தேன். அதிலும் அதேதான். காரணம், இந்தக் காம்போனென்ட் வரிசையை அதன் இடத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அதில் இருக்கும் சரக்கு எது என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் மேலே புதிய சரக்கு ஒன்று சேர்ந்ததும் பார்த்துக்கொண்டிருந்த இடம் நழுவுகிறது. கண் தெரியாதவர்களுக்காகத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக்கையும் போட்டுப் பார்த்தேன்: திரையில் சீரகம், காதில் கடுகு. ஒவ்வொரு சரக்குக்கும் நாங்கள் தரும் குறியீட்டெண்ணை வரிசையோடு பிணைக்க வழி வேண்டும். என் முதல் கோரிக்கை அதுதான். மற்றவை எல்லாம் காத்திருக்கலாம்.

இப்போதைக்கு, எண்ணை எழுத எழுதத் தனியாகச் சேமித்து, வரிசை திரைக்குள் வரும்போதெல்லாம் பெட்டியைத் துடைத்து எழுதுகிறேன். மூன்று இரவுகள் ஆயின. எண் இனி இடம் மாறாது. ஆனால் வேகமாக இழுத்தால் பெட்டி ஒரு கணம் வெறுமையாகத் தெரிகிறது.

அடுத்தது தமிழ். பிரிவுத் தலைப்புகள் போடும்போது இந்தக் காம்போனென்ட் நாம் கொடுத்த ஒழுங்கைக் கலைத்து, யுனிகோடு எண்ணின்படி (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள எண்) தானே அடுக்குகிறது. யுனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அது கடைசி மெய். ஆகவே பனங்கற்கண்டு பயறுக்கும் பருப்புக்கும் முன்னால் வந்து உட்காருகிறது. அகராதி பார்த்துப் பழகியவர்கள் கீழே தேடிவிட்டு, சரக்கு இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். தமிழுக்கான சரியான அகரவரிசை விதி போனுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கூப்பிட்டால் போதும். தேடலிலும் இப்படி ஒன்று. ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம், கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. பழைய விலைப்பட்டியலில் இரண்டாகப் பதிந்திருந்த கொத்தமல்லி தேடலில் அகப்படவே இல்லை. ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு வரி வேலை.

வரிசையின் உயரத்தில் இருந்த குறை தீர்ந்துவிட்டது. பெரியப்பா எழுத்தைப் பெரிதாக்கி வைப்பவர். அவருடைய போனில் ‘மு’வுக்கும் ‘மூ’வுக்கும் அடிப்பகுதி வெட்டுப்பட்டு இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்தன. காம்போனென்ட் செய்தவர்களுக்கு எழுதிப்போட்ட இரண்டாம் நாளே பதில் வந்தது, அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டார்கள். அந்த அக்கறைக்காகவே இன்னும் சந்தாவை நிறுத்தாமல் இருக்கிறேன்.

செய்தி, படம், விலைப்பட்டியல் என்று படிக்க மட்டுமே காட்டுவதானால் தயங்காமல் வாங்கலாம். வரிசைக்குள் யாராவது எதையாவது எழுத வேண்டியிருந்தால் இப்போது வேண்டாம். ஐந்துக்கு மூன்று தருகிறேன். அந்த நூறு வரிசைச் செயலியை அவர்களுக்கு அனுப்பியிருக்கிறேன். பத்தாவது வரிசையில் 5 என்று எழுதிவிட்டுக் கீழே இழுத்தால் போதும். 23ஆவது வரிசையில் அது நிற்கும்.