‘மிஷின் ஃப்ரீ’ என்று தரும் சுகர் ஸ்ட்ரிப்பை டப்பா பார்க்காமல் வாங்காதீர்கள்: கடலூரிலிருந்து ஓர் எச்சரிக்கை

கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி பக்கம் இருப்பவர்களும் புதுச்சேரியில் வாங்கிவருகிறவர்களும் இதைக் கொஞ்சம் படியுங்கள். வீட்டில் சர்க்கரை பார்க்கும் மிஷினை இலவசமாகக் கொடுத்துவிட்டு, அதில் செருகி இரத்தச் சொட்டு விடும் ஸ்ட்ரிப்பை, காலாவதியானதாகப் பார்த்துப் புது அட்டைப்பெட்டிக்குள் வைத்து எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அந்த ஸ்ட்ரிப் காட்டிய எண்ணை நம்பித்தான் என் அம்மா மாதக்கணக்கில் சோற்றையும் மாத்திரையையும் அளந்துகொண்டிருந்தார். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. அவர்கள் செய்த விதம் தெரிந்தால் எந்தக் கடையில் நடந்தாலும் நீங்களே பிடித்துவிடலாம்.

அம்மாவுக்கு டைப் 2 சர்க்கரை. பல வருடமாக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுக்கிறார். சாப்பாடு தள்ளிப்போனால் கிளிமிபிரைடு சர்க்கரையைத் தாழ்த்திவிடும், 70-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அதனால்தான் டாக்டர் வீட்டிலேயே மிஷின் வைத்து வாரம் இரண்டு முறை பார்த்து நோட்டில் எழுதச் சொன்னார். ஒரு நாள் வெறும் வயிற்றில், இன்னொரு நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து.

ஊரில் ஒரு சர்ஜிக்கல் கடைக்குப் போனேன். கடைக்காரர் சொன்னது இதுதான்: “அண்ணே, மிஷினுக்குக் காசே வேணாம். அம்பது ஸ்ட்ரிப் டப்பா ரெண்டு எடுத்துக்குங்க, மிஷின் ஃப்ரீ. எம்.ஆர்.பி.யைப் பாருங்க, அதுல பாதிதான் உங்ககிட்ட வாங்குறேன்.” பில் கேட்டேன். கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை, நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, துண்டுச் சீட்டில் ‘சர்ஜிக்கல் ஐட்டம்’ என்று மட்டும் எழுதி ஒரு தொகையைப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் போனாலும் அதே பதில், அடுத்த வாரம் போனாலும் அதே பதில். பேட்ச் எண் போட்ட பில் தராத கடையில் ஸ்ட்ரிப் வாங்கவே வாங்காதீர்கள்.

பாதி விலை என்பதிலும் மயங்க வேண்டாம். சர்க்கரை மிஷின், பி.பி. மிஷின் போன்றவற்றில் விலையை ஏற்றி அச்சடிப்பது அரசாங்கத்துக்கே தெரிந்த சங்கதி. 2021 ஜூலையில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் ஐந்து மருத்துவக் கருவிகளின் வியாபார லாபத்துக்கு 70 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. அந்த ஐந்தில் குளுக்கோமீட்டர் என்ற இந்தச் சர்க்கரை மிஷினும் ஒன்று. அச்சடித்த விலையில் பாதி என்றால் நமக்கு லாபம் என்று அர்த்தமே இல்லை.

அம்மாவின் நோட்டில் எல்லாம் அழகாக இருந்தது. வெறும் வயிற்றில் 118, 126, 131. சாப்பிட்ட பின் 150, 160. அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் உடம்பு வேறு சொன்னது. ராத்திரியில் திரும்பத் திரும்ப எழுந்து போனார். உள்ளங்கால் எரிச்சல் கூடியது. கால் கட்டைவிரல் ஓரத்தில் பட்ட சின்னக் காயம் ஆறாமல் நின்றது.

டாக்டர் மூன்று மாத சராசரியைக் காட்டும் HbA1c டெஸ்ட் எடுக்கச் சொன்னார். 9.4 சதவீதம் வந்தது. “இந்த 9.4-க்கு சராசரி சர்க்கரை 220-க்கு மேல இருக்கணும். உங்க நோட்டுல ஒரு தடவைகூட 200 இல்லையே, எப்படி?” என்று கேட்டார். இரத்தசோகை இருந்தால் இந்த இரண்டு கணக்குமே தப்பாகும் என்பதால் ஹீமோகுளோபினும் பார்த்தார். அது சரியாகவே இருந்தது. அதன்பிறகுதான், மிஷினை லேபுக்கு எடுத்துக்கொண்டு காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்.

லேபில் நரம்பில் எடுத்த இரத்தத்துக்கு 211. அதே நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தபோது எங்கள் மிஷின் காட்டியது 138. இன்னொரு ஸ்ட்ரிப் போட்டோம், 129.

லேபுக்கும் மிஷினுக்கும் கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும். எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரம் உண்டு. அதன் 2013 பதிப்பின்படி, சர்க்கரை 100-ம் அதற்கு மேலும் இருந்தால் நூறில் 95 அளவுகளாவது லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 100-க்குக் கீழே என்றால் 15 புள்ளிக்குள். 211-க்கு அந்தக் கணக்கில் 180-லிருந்து 242 வரை காட்டினால் ஒத்துக்கொள்ளலாம். 138-ஐ எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது.

வீட்டுக்கு வந்து அட்டைப்பெட்டியையும் உள்ளே இருந்த டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பெட்டியில் ஒரு லாட் எண் (பேட்ச் எண்), டப்பாவில் வேறு லாட் எண். பெட்டியில் எக்ஸ்பைரி தேதி பளிச்சென்று இருந்தது. டப்பாவில் தேதி இருக்கவேண்டிய இடம் சுரண்டப்பட்டிருந்தது. பெட்டியின் ஒரு முனையைப் பிரித்து மறுபடி பசை போட்டு ஒட்டிய தடமும் தெரிந்தது. பெட்டியில் இருந்த வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் பேசி டப்பாவின் லாட் எண்ணைப் படித்தேன். அந்த லாட் எப்போதோ காலாவதியாகிவிட்டது என்றார்கள்.

கடைக்காரரிடம் போய் நின்றால், “டப்பாவைப் பிரிச்சிட்டீங்க, ரிட்டர்ன் கிடையாது. கடலூர் வெயிலுக்கும் கடக்காத்துக்கும் நீங்க சரியா வெச்சிருக்க மாட்டீங்க” என்று நம் தலையிலேயே கட்டினார். இந்தப் பதிலை உங்களிடமும் சொல்வார்கள், அதனால் விளக்கிவிடுகிறேன். ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது ஒரு நொதி. அது நம் இரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸோடு வினைபுரிவதைத்தான் மிஷின் அளந்து எண்ணாகக் காட்டுகிறது. சூடும் ஈரப்பதமும் பட்டால், அல்லது காலம் கடந்தால், அந்த நொதி கெடும். கெட்ட ஸ்ட்ரிப் சில நேரம் ‘எரர்’ காட்டும், பல நேரம் எந்தச் சத்தமும் இல்லாமல் தப்பான எண்ணைக் காட்டும். ஆகவே நம் ஊர்க் கடற்காற்றில் டப்பாவைத் திறந்து வைக்கக் கூடாது என்பது உண்மைதான். ஒரு ஸ்ட்ரிப்பை எடுத்ததும் மூடியை இறுக்க வேண்டும், ஸ்கூட்டர் டிக்கியில் வைக்கக் கூடாது, ஃபிரிட்ஜிலும் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் இந்த விதிகளின்படிதான் பத்திரமாக வைத்திருந்தோம். நாங்கள் பிரிக்காத இரண்டாவது டப்பாவை லேபிலேயே முதன்முதலாகத் திறந்து பார்த்தோம், அதுவும் அதே போலக் குறைத்துக் காட்டியது. அதிலும் தேதி சுரண்டப்பட்டிருந்தது. வெயிலா சுரண்டியது?

நான் புகார் கொடுக்கப்போகிறேன் என்று தெரிந்ததும் போன் வந்தது. “ரெண்டு புது டப்பா தர்றேண்ணே, பழச மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க” என்றார். கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். அந்த டப்பாதான் சாட்சி. பெட்டி, டப்பா, துண்டுச் சீட்டு, பணம் அனுப்பிய ஜிபே விவரம், லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் மருந்து ஆய்வாளருக்கும் எழுத்து மூலம் மனு கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவதானால், 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது. இந்தத் தகவல் பலருக்குத் தெரியவில்லை.

டாக்டர் அம்மாவுக்கு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார், கால் காயத்துக்கும் தனியாகப் பார்க்கிறார். குறைத்துக் காட்டினால் இந்தக் கதி. கூட்டிக் காட்டும் ஸ்ட்ரிப்பாக இருந்து, பயந்துபோய் ஒரு மாத்திரை அதிகம் போட்டிருந்தால், வேர்த்து நடுங்கி மயங்கி விழுந்திருப்பார். நினைத்தாலே வயிறு கலங்குகிறது. வயதானவர்கள் உயிரை வைத்து வியாபாரம் செய்வதை என்னால் மன்னிக்கவே முடியாது.

புது மிஷின் எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று சிலர் கேட்டார்கள். இந்த முறை மிஷினைப் பார்க்காமல் ஸ்ட்ரிப்பைப் பார்த்தோம். மிஷின் ஒரு முறைச் செலவு, ஸ்ட்ரிப் ஆயுள் முழுவதும். மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் என்று மெடிக்கல்களில் விசாரித்து, எந்த ஸ்ட்ரிப் கேட்டவுடன் எடுத்துத் தருகிறார்களோ அதற்கான மிஷினை வாங்கினோம். சரக்கு வேகமாக ஓடும் கடையில் பழைய டப்பா தங்காது. வாங்கியது 25 ஸ்ட்ரிப் டப்பா. திறந்த பிறகு மூன்று மாதம், ஆறு மாதம் என்று கம்பெனிக்குக் கம்பெனி ஒரு கெடு போட்டிருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை பார்ப்பவருக்கு 50 ஸ்ட்ரிப் ஏறக்குறைய ஆறு மாதம் வரும். அப்படியிருக்க நூறு ஸ்ட்ரிப்பை ஒருவர் தலையில் கட்டுவது, மிஷினைச் சும்மா கொடுத்தாலும், அவருக்கு நல்லது செய்வதாகாது. திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவில் எழுதிவிடுங்கள். அம்மாவின் கண்ணுக்காக எண் பெரிதாகத் தெரியும் திரையும், தேதியோடு பழைய அளவுகளைச் சேமிக்கும் வசதியும் பார்த்தோம். அந்தக் கம்பெனியின் கண்ட்ரோல் சொல்யூஷன் கிடைக்குமா என்றும் கேளுங்கள். அளவு தெரிந்த குளுக்கோஸ் கலந்த திரவம் அது. ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு விட்டால், டப்பாவில் அச்சடித்த எல்லைக்குள் எண் வர வேண்டும்.

புதுச்சேரியில் பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் மிஷின் கொண்டுவந்து தருவது உண்டு. அன்பாகத் தருவதுதான், ஆனால் அதற்கு ஸ்ட்ரிப் இங்கே கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்து, மலேசியா மிஷின் என்றால் அளக்கும் அலகே வேறு (நம் mg/dL-க்குப் பதில் mmol/L). அதில் 7 என்று வந்தால் நம் கணக்கில் 126.

இன்னொன்று, பண்ருட்டிப் பக்கத்துக்காரர்களுக்காக. பலாச்சுளை உரித்த கையோடு விரலைக் குத்தினால் விரலில் ஒட்டிய சர்க்கரையும் சேர்ந்து அளவு எகிறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதாது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டு டப்பாவை இப்போதே எடுத்து லாட் எண்ணும் தேதியும் பெட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் அந்த ஸ்ட்ரிப்பை நிறுத்திவிடுங்கள், டப்பாவைத் தூக்கிப்போடாதீர்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வெறும் வயிற்றில் லேப் டெஸ்ட் எடுத்து, அதே நேரத்தில் மிஷினிலும் பார்த்து, இரண்டு எண்ணையும் டாக்டரிடம் காட்டுங்கள். வெறும் வயிற்றில்தான் ஒப்பிட வேண்டும். சாப்பிட்ட பிறகு விரல் இரத்தத்தில் நரம்பு இரத்தத்தைவிடச் சர்க்கரை கூடுதலாகவே இருக்கும், அப்போது ஒப்பிட்டால் நல்ல மிஷினும் கெட்ட மிஷினாகத் தெரியும்.