விழிஞமா, முப்பந்தலா? எல்லைப்புற இளம் வழக்கறிஞர் முன் இரண்டு வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்று சட்டம் படித்துத் திரும்பும் இளைஞர்களில் சிலர், சொத்துத் தகராறு, விபத்து இழப்பீடு ஆகியவற்றுக்கு அப்பால், அரசும் தனியாரும் சேர்ந்து நடத்தும் பெருந்திட்டங்கள் சார்ந்த வழக்குப் பணியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். துறைமுகம், நெடுஞ்சாலை ஆகியவற்றைத் தனியார் கட்டிக் குறித்த காலம் நடத்த அரசு உரிமை தரும் கன்செஷன் ஒப்பந்தங்களில் தேர்ச்சி பெறுவது ஒரு வழி. மின் கொள்முதல், முப்பந்தலில் உள்ளவை போன்ற காற்றாலைகள், மின் கட்டணம் தொடர்பான ஒழுங்குமுறை வழக்குகளை நடத்துவது இன்னொரு வழி. இரண்டையும் ஒரே துறையாகச் சொல்வது வழக்கம் என்றாலும், இங்கிருந்து தொடங்கும் ஒருவருக்கு இரண்டாவதே ஏற்றது என்பது என் கருத்து.

முதல் வழிக்கு எடுத்துக்காட்டு எல்லைக்கு அப்பால் மிக அருகிலேயே இருக்கிறது. விழிஞம் துறைமுகத்துக்காகக் கேரள அரசும் அதானி குழும நிறுவனமும் 2015 ஆகஸ்டில் செய்துகொண்ட ஒப்பந்தம் 40 ஆண்டுகளுக்கானது. வழக்கமான 30 ஆண்டுகளுக்குப் பதிலாக இத்தனை நீண்ட காலம் தரப்பட்டதை 2017இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை கடுமையாகக் குறைகூறியது. 2019 டிசம்பரில் முடிந்திருக்க வேண்டிய பணி தாமதமானபோது, ஒக்கிப் புயலும் அலைதடுப்புச் சுவருக்கான பாறைத் தட்டுப்பாடும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பிணக்கு, நீதிமன்றத்துக்கு வெளியே விசாரிக்கும் நடுவர் தீர்ப்பாயம் வரை சென்று, பின்னர் திரும்பப் பெறப்பட்டு, 2024 நவம்பரில் துணை ஒப்பந்தம் கையெழுத்தாகி, ஐந்தாண்டு கால நீட்டிப்புடன் சமரசமானது. ஒரு புயல் எந்தப் பிரிவின்கீழ் வரும், தாமதத்துக்கு யார் இழப்பீடு தர வேண்டும் என்பவையெல்லாம் வழக்கறிஞரின் மூளைக்கு நல்ல தீனிதான். ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களின் வரைவு பெரும்பாலும் டெல்லியிலும் மும்பையிலும் உள்ள பெரிய சட்ட நிறுவனங்களின் கைகளில் உருவாகிறது. நாகர்கோவில் வழக்கறிஞரைத் தேடி வருவது நில எடுப்பு இழப்பீட்டு மனுவும், குமரி மலைகளை உடைத்துக் கல் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கு எதிரான வழக்கும்தான். அவையும் தேவையான பணிகளே. எனினும் அவற்றைப் பத்தாண்டுகள் நடத்தினாலும் கன்செஷன் ஒப்பந்தம் எழுதத் தெரிந்துவிடாது. தவிர, நடுவர் விசாரணை மூடிய அறையில் நடப்பதால், யாராவது தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்லும்வரை புதியவர் படித்துக் கற்பதற்குக்கூட ஆவணம் கிடைப்பதில்லை.

மின்துறையில் நிலைமை நேர்மாறானது. மின் உற்பத்தியாளருக்கும் விநியோக உரிமம் பெற்றவருக்கும் இடையிலான பிணக்குகள் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 86ஆம் பிரிவின்படி மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்துக்கே செல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. ஆணையம் பொதுவில் அமர்ந்து விசாரிக்கிறது, ஆணைகளை வெளியிடுகிறது; மேல்முறையீடு டெல்லியிலுள்ள மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் போகிறது. ஆகவே ஒரு வழக்கின் முழு வாழ்க்கையையும் வீட்டிலிருந்தே படித்துவிடலாம். கேரளம் 2014இல் கோரிய ஒப்பந்தப்புள்ளிகளின் வழியே கிடைத்த 465 மெகாவாட் நீண்டகால ஒப்பந்தங்களை நடைமுறை மீறல்களைக் காட்டி மாநில ஆணையம் 2023 மே மாதம் நிராகரித்தது. அரசின் உத்தரவுக்குப் பின் அதே ஆண்டு டிசம்பரில் அவற்றை மீட்டது. 2024 ஜூலையில் தீர்ப்பாயம் அந்த மீட்பை ரத்து செய்தது. இதைவிடச் சிறந்த பாடநூல் கிடைப்பது அரிது. ஆந்திரத்திலும் இப்படித்தான்: காற்றாலை, சூரிய மின் ஒப்பந்தங்களின் விலையை மறுபரிசீலனை செய்ய 2019இல் மாநில அரசு குழு அமைத்தது, உயர் நீதிமன்றத் தனி நீதிபதி யூனிட்டுக்கு ஏறத்தாழ இரண்டரை ரூபாய் இடைக்கால விலை வைத்தார், 2022 மார்ச்சில் அதே நீதிமன்றத்தின் அமர்வு ஒப்பந்த விலையையே தர வேண்டும் என்றது.

இந்த வழக்குகளுக்கான கட்சிக்காரர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதிகளில் நூற்பாலைகளும் சிறு தொழில்களும் வைத்துள்ள காற்றாலைகளுக்கு, சொந்தப் பயன்பாட்டு உற்பத்தி என்ற தகுதியைத் தக்கவைக்க பயன்படுத்துவோரிடம் 26 விழுக்காடு பங்குரிமை இருப்பதும் உற்பத்தியில் 51 விழுக்காட்டை அவர்களே நுகர்வதும் ஒவ்வோர் ஆண்டும் காட்டப்பட வேண்டும். அது தவறினால் கூடுதல் கட்டணச் சுமை வந்து சேரும். காற்று வீசும் மாதங்களில் மின் வாரியத்துக்குக் கொடுத்த மின்சாரத்தைப் பின்னர் கழித்துக்கொள்ளும் பேங்கிங் வசதி குறித்த தகராறுகள் வேறு. கட்டணம் சிறிதாக இருக்கலாம், ஆனால் கோப்புகள் ஆண்டுதோறும் திரும்பி வருகின்றன. கன்செஷன் ஒப்பந்தம் முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் எழுதப்படுகிறது.

வருமானத்தில் முதல் வழிக்கே வெற்றி என்பதை மறுக்க முடியாது. பெருநிறுவனத்தில் முதல் மாதச் சம்பளத்தை மாவட்ட நீதிமன்ற வழக்கறிஞர் எட்டிப்பிடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதே கவர்ச்சியால் சிலர் கட்டுமான நிறுவனத்தின் சட்டப் பிரிவில் சேர்கிறார்கள். முழுநேரச் சம்பள ஊழியராகிவிட்டால் வழக்காடும் உரிமையை நிறுத்திவைக்க வேண்டும் என்ற பார் கவுன்சில் விதியை அவர்கள் கையெழுத்திடும் முன் படிப்பது நல்லது. திருவனந்தபுரத்திலுள்ள கேரள மின்சார ஆணையத்தின் முன் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் ஆஜராவதற்குத் தடை உண்டோ என்ற ஐயம் பலருக்கு இருக்கிறது. நாடு முழுவதும் வழக்காட உரிமை தரும் வழக்கறிஞர் சட்டத்தின் 30ஆம் பிரிவு 2011 ஜூன் முதல் நடைமுறையில் இருப்பதால் அந்த ஐயம் தேவையில்லை.

எல்லைப்புறத்தாருக்கு இன்னொரு வசதியும் உண்டு. முதலில் திருவிதாங்கூருடனும் பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியுடனும் இருந்த நிலம் என்பதால் இங்குள்ள பழைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் உள்ளன. 1990களில் நிறுவிய காற்றாலைகளை அகற்றிப் பெரியவற்றை அமைக்கும் கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2024இல் வெளியிட்டிருக்கும் நிலையில், பழைய குத்தகையின் எல்லை, பாதை உரிமை, பங்காளிகளின் ஒப்புதல் ஆகியவற்றை மறுபடி சரிபார்க்க வேண்டிவரும். அந்த ஆவணங்களை மொழிபெயர்ப்பாளர் துணையின்றிப் படித்து நிலம் யாருக்கு உரியது என்ற சட்டக் கருத்துரை எழுதக்கூடியவர் சென்னை அலுவலகங்களில் அதிகம் பேர் இல்லை.