அமெரிக்க சிட்டிசன்ஷிப்ப விட உதவுன டாக்ஸ் ஆபீஸ், 5க்கு 3 ஸ்டார்

நான் பொறந்தது நியூஜெர்சி, ரெண்டு வயசுலேர்ந்து டொராண்டோ தான், ஆனா அமெரிக்க சிட்டிசன்னா நாம எங்க இருந்தாலும் அந்த நாட்டுக்கு வருசாவருசம் கணக்கு காட்டியே ஆகணும். வெளிநாட்டு அக்கவுண்ட் எல்லாம் சேத்து 10,000 டாலர் தாண்டுனாலே எஃப்பார்னு ஒரு வெளிநாட்டு அக்கவுண்ட் ரிப்போர்ட் போடணும், இங்க கனடாவுல வரியே இல்லாத டிஎஃப்எஸ்ஏ சேமிப்பு அக்கவுண்ட் வட்டிக்கும் அங்க வரி, போதும்டா சாமின்னு ஸ்கார்பரோவுல ஒரு டாக்ஸ் ஆபீஸுக்கு போனேன். "கடைசி 5 வருச ரிட்டர்ன் சரியா இல்லன்னா சிட்டிசன்ஷிப்ப விடுறப்போ வரித்துறைக்கு போடுற 8854 ஃபார்ம்ல மாட்டிக்குவீங்க தம்பி"ன்னு அந்த அக்கா பொறுமையா புரிய வச்சாங்க, அதுக்கே 3 ஸ்டார். பில்ல பாத்தா தான் மயக்கம் வருது. போன் பண்ணா எடுக்கவே மாட்டாங்க, மெயில் போட்டுடுங்க. சிட்டிசன்ஷிப்ப விட அமெரிக்க கான்சுலேட்ல கட்டுற ஃபீஸ் வேற தனி, நான் போனப்போ 2,350 டாலர், 2014க்கு முன்னாடி வெறும் 450 தானாம். பார்க்கிங்கும் கிடையாது.