பிஎஃப் எம்ப்ளாயர் போர்ட்டல்: புது ஈசிஆர் வந்த பிறகு எப்படி இருக்கிறது?

20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் மாதம் தவறாமல் நுழைய வேண்டிய இடம் இது. 2025 செப்டம்பர் சம்பளத்திலிருந்து ஈசிஆர் எனும் மாதாந்திர ரிட்டர்னைத் தாக்கல் செய்யும் முறை மாறிவிட்டது. மாறியது நல்லதுக்குத்தான். சம்பளப் பட்டியலை ஒழுங்காக வைத்திருக்கும் நிறுவனம் கன்சல்டன்ட் இல்லாமலே இதைச் சமாளிக்கலாம். ஆனால் போர்ட்டல் பார்ப்பது கணக்கைத்தான். யாருக்கு எந்தச் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது உங்கள் பொறுப்பு. பின்னாளில் நோட்டீஸ் வருவதும் பெரும்பாலும் அந்த முடிவில் நேர்ந்த தவறுக்குத்தான்.

முன்பெல்லாம் ஃபைலை ஏற்றியதுமே ரிட்டர்னும் சலானும் ஒன்றாக வந்துவிடும். இப்போது ரிட்டர்ன் தனி, பணம் தனி. முதலில் ரிட்டர்னைத் தாக்கல் செய்து ஒப்புதல் கொடுக்க வேண்டும், பிறகு சலான் போட வேண்டும். வழக்கமான ரிட்டர்ன், விட்டுப்போன ஆட்களுக்குத் துணை ரிட்டர்ன், பிழை திருத்தத் திருத்த ரிட்டர்ன் என மூன்று வகை உண்டு. ஒருவர் பெயர் விட்டுப்போனதற்காக மொத்த வேலையையும் கலைக்க வேண்டியதில்லை. தாமதமானால் பிஎஃப் சட்டத்தின் 7கியூ பிரிவு வட்டியையும் சிஸ்டமே கணக்குப் போட்டுக் காட்டுகிறது.

ஏற்ற வேண்டியது ஒரு டெக்ஸ்ட் ஃபைல். ஓர் ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு 11 விவரங்கள், இடையில் #~# குறி. யுஏஎன் (தொழிலாளியின் நிரந்தரப் பிஎஃப் எண்), பெயர், மொத்தச் சம்பளம் என்று தொடங்கும். சம்பளமில்லா லீவு 2 நாள் எடுத்தவருக்கு மொத்தம் 18,500, பேசிக்கும் டிஏவும் சேர்ந்து 14,000 என்றால், பெயருக்குப் பின்னால் வரி இப்படிப் போகும்:

18500#~#14000#~#14000#~#14000#~#1680#~#1166#~#514#~#2#~#0

மூன்று 14,000மும் முறையே பிஎஃப், பென்ஷன், இடிஎல்ஐ இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கான சம்பளம். 1,680 தொழிலாளியின் 12%. முதலாளி பங்கில் 8.33% ஆன 1,166 பென்ஷனுக்குப் போகிறது, மீதி 514 பிஎஃப்பில் சேர்கிறது. அடுத்த 2 லீவு நாள். கடைசிப் பூஜ்ஜியம் முன்பணம் திரும்பக் கட்டியதற்கானது. எக்செல்லில் பைசாவை ரவுண்டு செய்யாமல் விட்டாலோ, குறியில் ஓர் எழுத்து தவறினாலோ ஃபைல் திரும்பி வந்துவிடும். இந்தக் கறார் தேவையானதுதான்.

கவனமெல்லாம் பென்ஷன் கட்டத்தில் இருக்க வேண்டும். பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய், அதாவது பென்ஷனுக்குப் போகும் பங்கு மாதம் 1,250. 22,000 சம்பளத்துக்கு முழுமையாகப் பிஎஃப் பிடித்தாலும் பென்ஷன் சம்பளம் 15,000 என்றே போட வேண்டும். 2014 செப்டம்பர் 1 அன்றோ அதற்குப் பிறகோ முதன்முறையாகப் பிஎஃப்பில் சேர்ந்து, சேரும்போதே 15,000க்கு மேல் வாங்கியவருக்குப் பென்ஷன் கிடையாது. 58 வயது முடிந்தவருக்கும் அப்படியே. இவர்களுக்கு அந்தக் கட்டம் பூஜ்ஜியம், முதலாளியின் 12% முழுவதும் பிஎஃப்புக்கு. போர்ட்டலே பிடித்துக்கொள்ளும் என்று நம்பி விடாதீர்கள். தவறாகப் பென்ஷனில் போன பணம் அந்தத் தொழிலாளி கிளெய்ம் போடும் நாளில்தான் தலைதூக்கும். அலைச்சல் முழுவதும் அவருக்கு. சேரும் அன்றே, பழைய பிஎஃப் விவரங்களைத் தொழிலாளி அறிவிக்கும் படிவம் 11ஐ முழுதாக நிரப்பி வாங்கி, பழைய யுஏஎன் உண்டா என்று கேட்டுவிட்டால் இதில் பாதி தீர்ந்தது.

அடுத்தது பேசிக்கைக் குறைத்துக் காட்டும் பழக்கம். எல்லோருக்கும் ஒரேபோலக் கொடுக்கும் அலவன்ஸும் பிஎஃப் சம்பளத்தில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், விலக்கப்படும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்கின்றன. மொத்தம் 24,000, பேசிக் 8,000, மீதியெல்லாம் வீட்டு வாடகைப் படி, பயணப் படி என்று வைத்திருந்தால் கணக்கு 12,000க்குப் போடவேண்டும். பிடித்தம் 960 அல்ல, 1,440. ஏற்கெனவே 15,000 வரம்பில் பிடிப்பவர்களுக்கு மாற்றமில்லை.

செலவு எவ்வளவு? 25 பேர், தலைக்கு 15,000 என்றால் சம்பளம் 3,75,000. சலான் 93,750, சரியாக 25%. இரு தரப்பிலும் 12%, இடிஎல்ஐ 0.5%, நிர்வாகக் கட்டணம் 0.5% (குறைந்தது 500 ரூபாய்). கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. பழைய 5 நாள் சலுகை 2016இலேயே போய்விட்டது. ரிட்டர்ன் போட்ட தேதியைக் காட்டிப் பயனில்லை, பணம் கட்டிய தேதிதான் கணக்கு.

ஒரு மாதம் தாமதித்தால் ஆண்டுக்கு 12% வட்டியில் சுமார் 925 ரூபாய், 14பி பிரிவு அபராதம் மாதம் 1% என 937 ரூபாய் ஆகும். இவ்வளவுதானே என்று தோன்றும். 2025-26 நிதியாண்டு வரை பெரிய அடி வருமான வரியில் விழுந்தது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கெடு தாண்டிக் கட்டினால் அதைச் செலவாகக் கழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மேலே சொன்ன கணக்கில் அந்தப் பங்கு 45,000. 30% வரி விகிதத்தில் 13,500 ரூபாய் கைவிட்டுப் போனது. இது எந்தச் சலானிலும் தெரியவில்லை. 15ஆம் தேதி நெருங்கும்போது போர்ட்டலில் நெரிசல் கூடும், எனவே 10ஆம் தேதியைக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்ட் 1 முதல் புது யுஏஎன்னை மத்திய அரசின் உமங் ஆப்பில் முகத்தைக் காட்டித் தொழிலாளியே எடுக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு ஓடிபி வரும். திருப்பூர், கோவைப் பக்கம் சிக்கல் இங்கேதான். ஊரிலிருந்து வந்ததும் சிம் மாற்றிய வடமாநிலத் தொழிலாளிக்கு அந்தப் பழைய எண் கையில் இருக்காது. ஆதார் மையத்தில் எண்ணை மாற்றிய பிறகே மற்றது நடக்கும். அதனால் வேலைக்குச் சேரும் அன்றே யுஏஎன்னை முடிக்கப் பாருங்கள்.

மனதாரப் பாராட்ட வேண்டியது நிறுவனத் தேடல் வசதி. லாகின் தேவையில்லை. கான்ட்ராக்டரின் பெயரையோ பிஎஃப் எண்ணையோ கொடுத்தால் எந்த மாதம், எத்தனை பேருக்கு, எவ்வளவு கட்டினார், எந்தத் தேதியில் வரவானது என்பது சலானுக்கான டிஆர்ஆர்என் எனும் அடையாள எண்ணோடு தெரிகிறது. கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு பிரதான முதலாளி தலையில் வந்து விடியும். அவர் கொடுக்கும் சலான் நகலை அப்படியே கோப்பில் போடாமல், இங்கே பார்த்து ஆள் எண்ணிக்கையை உங்கள் கேட் ரெஜிஸ்டரோடு ஒப்பிட்ட பிறகு பில்லைப் பாஸ் பண்ணுங்கள்.