எட்டு வருஷம் நெஞ்சுக்குள் இருந்த சிலிக்கான் பை

தை மாத உறைபனியில் கோத்தகிரியில் இருந்தவர்களுக்கு இது புரியும். கம்பளிக்குள் உடம்பு முழுக்கச் சூடேறிய பிறகும் என் இடது மார்பு மட்டும் ஜில்லென்றே கிடக்கும். சிலிக்கான் சீக்கிரம் சூடாகாது. 2016-ல் புற்றுநோய்க்காக மார்பை எடுத்து அந்த இடத்தில் இம்ப்ளாண்ட் என்கிற சிலிக்கான் பையை வைத்தபோது, இந்தச் சின்ன விஷயத்தைக்கூட யாரும் சொல்லவில்லை. 2024-ல் அதை எடுத்துவிட்டேன். வைக்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் மூன்று வருஷம் பொருளைக் குறை சொல்ல முடியாது. வகுப்பில் போர்டில் எழுதக் கை தூக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்துவிடும் பழக்கம் நின்றது. அந்த நிம்மதிக்கு இன்றும் நன்றி சொல்வேன். நாலாம் வருஷம் இறுக ஆரம்பித்தது. மெல்ல மெல்ல ஊட்டிப் பேரிக்காய் மாதிரி கெட்டியாகி, கழுத்தெலும்பை நோக்கி ஏறிக்கொண்டது. மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வலிக்கும்.

உள்ளே வைக்கும் எந்த அந்நியப் பொருளைச் சுற்றியும் உடம்பு ஒரு உறை கட்டிக்கொள்ளும். அந்த உறை சுருங்கி இம்ப்ளாண்டை நெரிப்பதை நாலு நிலையாகச் சொல்கிறார்கள். மெத்தென்று இருப்பது முதல் நிலை. கல்லாகி, உருமாறி, வலியும் சேர்ந்தால் நாலாவது. எனக்கு நாலாவது.

வைத்த மருத்துவமனையில் மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சாப்பிடும்வரை சிவப்பு அடங்கும், நிறுத்தியதும் திரும்பும். ஊசியில் நீர் எடுத்து ஒரு தடவை சோதித்தார்கள். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. "அப்போ ஒண்ணுமில்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். என் கோபம் அந்த ஒரு வார்த்தை மேல்தான்.

கோவையில் இரண்டாவதாகப் போன இடத்தில் டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க ஊர்ல ஊத்துத் தண்ணி வர்ற ஓஸுக்குள்ள வழவழன்னு படியுமே, தண்ணிய வேகமா விட்டா அது போகுமாம்மா?" என்று கேட்டார். போகாது, கம்பி விட்டுத் தேய்க்க வேண்டும். இம்ப்ளாண்ட் மேலும் அப்படித்தான் என்றார். ஒட்டிக்கொண்ட கிருமிகள் தங்களைச் சுற்றிக் கோந்து மாதிரி ஒரு படலத்தைக் கட்டி அதற்குள் குடியிருக்கின்றன. பயோஃபிலிம் என்று பேர். பல்லில் படியும் காரையும் இதே ஜாதிதான். வெளியே திரியும் கிருமியைக் கொல்லும் மருந்து படலத்துக்குள் இருப்பதை அசைக்காது. நீரில் அவை மிதக்காததால் சாதாரணச் சோதனையில் பெரும்பாலும் அகப்படுவதும் இல்லை.

இம்ப்ளாண்டையும் உறையையும் எடுத்து, உறைத் துண்டை லேபுக்கு அனுப்பினார்கள். ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்று வந்தது. நம் எல்லோர் தோலிலும் சும்மா இருக்கும் கிருமி அது. கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்த மார்பு தானாகவும் இறுகும், எல்லாப் பழியையும் கிருமி மேல் போட முடியாது என்றும் டாக்டரம்மா சொன்னார். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு மட்டும் சொன்னது எனக்குப் பிடித்தது.

2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் சொரசொரப்பு வகை இம்ப்ளாண்டுகளை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. அந்த வகையைச் சுற்றிய உறையில் அரிதாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது என்பதால். என் உள்ளே இருப்பது எந்த வகை என்றே எனக்குத் தெரியாது. கம்பெனி, மாடல், வரிசை எண் எழுதிய கார்டை எனக்குத் தந்திருக்கவே இல்லை. நாலு தடவை மலையிறங்கிப் போய்க் கேட்டு வாங்கினேன். வழவழப்பு வகைதான். ஆனால் அந்த இரண்டு மாத ராத்திரிகளை என் வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.

வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது: இம்ப்ளாண்டைத் தொடுமுன் கையுறை மாற்றுவீர்களா, வைக்கும் குழியைக் கிருமிநாசினியால் கழுவுவீர்களா, டப்பாவைக் கடைசி நிமிஷத்தில்தான் திறப்பீர்களா, தோலில் உரசாமல் உள்ளே விடுவீர்களா. காம்பு இருப்பவர்கள், ஆபரேஷனின்போது அதை மூடிவைப்பீர்களா என்றும் கேளுங்கள், பால் குழாய்களிலும் கிருமி உண்டு. அமெரிக்காவில் 2021-லிருந்து இதன் ஆபத்துகளை ஒரு பட்டியலாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வாங்கினார்கள். வருஷங்கள் கழித்துத் திடீரென்று ஒரு பக்கம் வீங்கினால் அன்றைக்கே கிளம்புங்கள். நீரெடுத்து அந்த நிணநீர்ப் புற்றுநோய்க்கும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்போது பஞ்சு அடைத்துத் தைத்த பைதான் வைத்துக்கொள்கிறேன். போன தையில் இரண்டு பக்கமும் ஒரே சூடு.

இரண்டாவது மருத்துவமனைக்கு ஐந்துக்கு நாலரை. உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் இல்லை. மார்பில் தழும்போடு நிற்கும் பெண்கள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கொக்கி மாட்டுகிறோம். போன மாதம் செக்கப்புக்குப் போனபோதும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.