ஆறு தண்டு ஸ்டாண்டுடன் எட்டு வருடங்கள்

சரிசெய்த போல்ட்டு நகராமல் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்போது, நுண்ணிய அசைவையும் காட்டும் டயல் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருங்கள். துகள் முடுக்கியின் காந்தத்தைத் தாங்கும் ஸ்டாண்டு தேறுமா தேறாதா என்பது அந்த அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எங்கள் பழைய ஸ்டாண்டில் நான்கு மூலையிலும் ஒவ்வொரு போல்ட்டு. துகள் கற்றையைக் குவிக்கும் குவாட்ருபோல் காந்தத்தைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்து நட்டை இறுக்கினால் முள் 80 மைக்ரான் ஓடிவிடும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று ஒரு மைக்ரான்). அதை ஈடுகட்ட எதிர்ப்பக்கம் 80 தள்ளி வைத்து மறுபடி இறுக்கினால், இந்தத் தடவை 50 மட்டும் நகரும். ஒரு காந்தத்துக்கே அரை நாள் போய்விடும். குவாட்ருபோல் கொஞ்சம் விலகினால் கற்றை அதைப்போலப் பல மடங்கு விலகும். அதனால் பக்கத்துக் காந்தங்களுக்கு இடையே 50 மைக்ரானுக்குள் நிற்கவேண்டும் என்று இயற்பியல் குழு சொன்னால், அதில் பேரம் பேச இடமில்லை.

முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது. நாலு கால் பெஞ்சுக்கு எப்போதும் ஒரு கால் தூக்கும். எங்களுக்கு நடந்ததும் அதுதான்: ஒரு போல்ட்டைத் திருகினால் காந்தம் ஏறும், கூடவே அடித்தட்டும் முறுக்கிக்கொள்ளும்.

அப்புறம்தான் ஆறு தண்டு முறைக்கு மாறினோம். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள அட்வான்ஸ்டு லைட் சோர்ஸ் முடுக்கியில் இருப்பதும் இந்த முறைதான். செங்குத்தாக மூன்று, குறுக்கே இரண்டு, கற்றையின் போக்கில் ஒன்று என ஆறு தண்டுகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் உருண்டை மூட்டு. ஒரு பொருள் ஆறு விதமாகத்தான் அசைய முடியும். அதற்கு ஆறே பிடிமானம். கூடுதலாக ஒன்றும் இல்லாததால் முறுக்கும் இல்லை. தண்டின் ஒரு முனையில் 2 மில்லிமீட்டர் மரை, மறுமுனையில் அதே திசையில் 1.5 மில்லிமீட்டர் மரை. ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீட்டர்தான் நகரும், பத்தில் ஒரு சுற்றுக்கு 50 மைக்ரான். கைக்கு அடக்கமான கணக்கு. இப்போது காலையில், காந்தம் நிற்கும் இடத்தை லேசரால் அளக்கும் லேசர் டிராக்கரை வைத்தால் மதியத்துக்குள் நான்கு காந்தங்களை முடித்துவிடுகிறோம். இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த முறையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

குறையும் உண்டு. மூட்டில் துளி லூஸ் இருந்தாலும் ஸ்டாண்டு குறுக்குவாட்டில் தொளதொளவென்று ஆகிவிடும். நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் தண்ணீர் பம்ப்பின் அதிர்வு 25 ஹெர்ட்ஸ். எங்கள் ஸ்டாண்டின் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், அதற்குப் பக்கத்திலேயே விழுந்தது. பம்ப் ஓடினால் காந்தமும் சேர்ந்து ஆடியது. ஸ்டாண்டின் தூணுக்குள் மணல் நிரப்பிப் பார்த்தோம், பெரிய பலன் இல்லை. பலவீனம் மூட்டில் இருக்கும்போது தூணை மட்டும் கனமாக்கி என்ன பயன்? மூட்டுகளை, லூஸ் இல்லாதபடி முன்னழுத்தம் கொடுத்த பேரிங்காக மாற்றி, குறுக்குத் தண்டுகளைக் குட்டையாக்கிய பிறகுதான் அடங்கியது.

இன்னொன்றைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது. சில ஸ்டாண்டுகள் மட்டும் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தன. தரைதான் அமிழ்கிறது என்று நினைத்தோம். கடைசியில் ஒன்றைக் கழற்றினால், பேஸ் பிளேட்டும் தூணும் சேரும் முகத்தில் பெயின்ட்! சுமை தாங்கும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அது மெதுவாக நசுங்கிக்கொண்டே போகும். போல்ட்டின் இறுக்கமும் கூடவே குறையும். சுரண்டி எடுத்து, இரும்போடு இரும்பு உட்கார வைத்ததும் இறக்கம் நின்றது. சேரும் முகங்களில் பெயின்ட் கூடாது என்ற வரி இப்போது எங்கள் எல்லா வரைபடத்திலும் உண்டு.

வெப்பத்தையும் மறக்கக்கூடாது. ஒரு மீட்டர் இரும்பு ஒரு டிகிரிக்குச் சுமார் 12 மைக்ரான் நீளும். 1.2 மீட்டர் உயர ஸ்டாண்டில் அது 14 மைக்ரான். எல்லா ஸ்டாண்டும் ஒரே மாதிரி நீண்டால் பெரிய பிரச்சினை இல்லை. ஒன்றின் மேல் மட்டும் குளிர்காற்று விழுந்தால்தான் வம்பு. அதனால் ஏசி காற்று வரும் திசையையும் வடிவமைப்பின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

மிக அதிகமாக வருந்தியது எதற்கென்றால், கற்றையின் போக்கில் இருக்கும் தண்டின் திருகை நடைபாதைக்கு எதிர்ப்பக்கம், சுவரை ஒட்டி வைத்ததற்கு. கணினியில் பார்க்கும்போது அழகாகவே இருந்தது. கேபிளும் தண்ணீர்க் குழாயும் வந்தபின் அங்கே கை நுழையவில்லை. கதிர்வீச்சுப் பகுதியில் ஒவ்வொரு நிமிடமும் வேலை செய்பவரின் டோஸ் (உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு) கணக்கில் ஏறுகிறது. அங்கே குப்புறப் படுத்து ஒரு நட்டைத் தேட வைப்பது சரியே இல்லை. அடுத்த ஸ்டாண்டுக்கான வரைபடத்தில் நான் முதலில் வரைந்தது ஸ்பானரையும் அது சுழல வேண்டிய இடத்தையும்தான்.